‘கூட யாரு வந்திருக்காங்க?’

உங்க ஊர் பஸ் ஸ்டாண்டை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. டீக்கடை, பூக்கடை, டைம் ஆபீஸ், கட்டணக் கழிப்பிடம்... எல்லாம் வந்துடுச்சா? இப்போ அந்தக் கடைசித் தூண் ஓரமாப் பாருங்க. சித்திரை வெயில்ல மூணு சட்டையை ஒண்ணு மேல ஒண்ணா மாட்டிக்கிட்டு, சடை விழுந்த தலையோட, கண்ணுக்குத் தெரியாத யார்கிட்டயோ பேசிக்கிட்டு ஒருத்தர் உட்கார்ந்திருப்பாரே... அவரும் வந்துட்டாரா?

எங்க ஆற்காடு பஸ் ஸ்டாண்ட்லயும் ஒருத்தர் இருந்தார். மக்கன் பேடா பார்சலோட ஓடுறவங்க, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் போற அக்காக்கள், காலேஜ் பஸ்ஸைக் கோட்டை விட்ட என்னை மாதிரி ஆளுங்க... எவ்வளவு கூட்டமா இருந்தாலும் அவரைச் சுத்தி மட்டும் ஓர் அரைவட்டம் காலியா இருக்கும். யாரும் கோடு போடலை. ஆனா, எல்லாரும் கரெக்டா அதே ஆரத்துல வளைஞ்சு போவோம். எஞ்சினீயரிங் டிராயிங்ல நான் போட்ட எந்த வளைவும் அவ்வளவு சுத்தமா வந்ததில்லை!

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். எங்க செட்டுல ஒருத்தன் அவரை போட்டோ எடுத்து, ‘செமஸ்டர் ரிசல்ட்டுக்கு அப்புறம் நான்’னு குரூப்ல போட்டான். நான் விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மையைப் பதிலா அனுப்பினேன். இந்தக் கட்டுரையை எழுத எனக்கு என்ன தகுதினு நீங்க கேட்டா, அதுதான் என் தகுதி.

அந்த ஒரு கட்டம்

போன நவம்பர். மழை நின்ன ஒரு ராத்திரி. அவர் காலைத் தரையில ஊன முடியாம இழுத்துக்கிட்டு வந்தார். பாதத்துல பெரிய புண். கிட்டப் போனா வாடை. உள்ளே புழு நெளிஞ்சது. தினமும் அவருக்கு டீயும் பன்னும் கொடுக்கிற கடைக்கார பாய்தான், “தம்பி, நீங்க படிச்ச பசங்க. போன் போடுங்கப்பா”ன்னார். 108-க்கு அடிச்சோம். வந்துட்டாங்க. “கூட யார் வர்றீங்க?” நானும் என் ஃப்ரெண்டும் ஏறினோம்.

ஆம்புலன்ஸ்ல என் காலேஜ் ஐ.டி. கார்டையே பார்த்துக்கிட்டு இருந்தவர், திடீர்னு கேட்டார். “மெக்கானிக்கலா? லேத்து ஓட்டத் தெரியுமா?”

மூணாவது வருஷம் படிக்கிற நான், “சுமாரா”ன்னேன். “நான் டர்னர்”னார். அப்புறம் பழையபடி வேற யார்கிட்டயோ பேச ஆரம்பிச்சுட்டார்.

எந்த ஆஸ்பத்திரினு கேட்காதீங்க. எந்த ஊர்லயும் நடக்கக்கூடியதுதான். நர்ஸ் அக்கா முகம் சுளிக்காம புண்ணைச் சுத்தம் பண்ணிக் கட்டுப் போட்டாங்க. “பேர் என்ன?”ன்னு கேட்டாங்க. பேர், அப்பா பேர், திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்தோட பேர்... மூணையும் ஒரே மூச்சுல சொன்னார்! எட்டு மாசமா தினமும் பார்க்கிறோம். பேர் கேட்டா சொல்லுவார்னு எங்களுக்குத் தோணவே இல்லை.

பிரச்னை அதுக்கு அப்புறம்தான். “மனநலத்துக்கும் காட்டணும். ஆனா, அட்மிட் பண்ண அட்டெண்டர் வேணுமே. கூட யாரு வந்திருக்காங்க?” என்கிட்ட ஒரு ஃபாரம் நீட்டினாங்க. பேர், முகவரி எல்லாம் எழுதிட்டேன். அடுத்த கட்டத்துல ‘நோயாளிக்கு உறவு முறை’ன்னு இருந்தது. பேனா அங்கேயே நின்னுடுச்சு. போலீஸ் கேஸ் ஆகுமா, ராத்திரி பூரா இருக்கணுமா, மறுநாள் இன்டர்னல் டெஸ்ட் என்ன ஆகும்... அந்த நேரம் பார்த்து அம்மாவோட போன் வேற. “காலையில வர்றோம்”னு சொல்லிட்டுக் கிளம்பிட்டோம்.

காலையில பெட் காலி. ரெண்டு நாள் கழிச்சு, கட்டெல்லாம் கறுத்துப்போய், அதே தூண் ஓரம் உட்கார்ந்திருந்தார்.

மாத்திரை ஃப்ரீ... நாள் ஃப்ரீயா?

அந்தக் கட்டம் என் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தது. லேத் ஓட்டின ஒருத்தர் எப்படிங்க ரோட்டுக்கு வந்திருப்பார்?

அவருக்கு என்ன நோய்னு நான் சொல்ல முடியாது. ஆனா, இல்லாத குரல் காதுல கேட்கிறது, எல்லாரும் நமக்கு எதிரா சதி பண்றாங்கனு நம்புறது, குளிக்க, சாப்பிட மறக்கிறது... இதெல்லாம் மனச்சிதைவு நோயோட அடையாளங்கள். உலகத்துல சுமார் 300 பேர்ல ஒருத்தருக்கு இது வருதுனு சொல்லுது உலக சுகாதார நிறுவனம். எங்க காலேஜ் பஸ் மாதிரி ஆறு பஸ்ஸை நிரப்பினா அதுல ஒருத்தர். பொதுவா ஆரம்பிக்கிறதே பதினெட்டுக்கும் முப்பதுக்கும் நடுவுலதான். அதாவது, இதைப் படிக்கிற உங்க வயசுல!

‘இது வந்தா அவ்வளவுதான்’னு நினைக்காதீங்க. 1980-களின் தொடக்கத்துல சென்னையில முதல் தடவையா இந்த நோய் வந்த 90 பேரை டாக்டர்கள் வருஷக்கணக்கா தொடர்ந்து கவனிச்சாங்க. பத்து வருஷம் கழிச்சுப் பார்த்தப்போ, பெரும்பாலானவங்க நல்ல நிலையில இருந்தாங்க. வேலைக்குப் போறவங்க, கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க எல்லாம் அதுல உண்டு.

அப்போ எங்கே அறுந்து போகுது? எனக்குப் புரிய வெச்சது எங்க பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தங்க. ஷூ கம்பெனியில தையல் செக்‌ஷன். அவங்க தம்பிக்கு இதே நோய். அரசு ஆஸ்பத்திரியில மாசாமாசம் மாத்திரை வாங்கறாங்க.

“மாத்திரை ஃப்ரீதாம்பா. அதை வாங்கப் போற நாள் ஃப்ரீ இல்லையே!”ன்னாங்க. “அன்னிக்கு எனக்குச் சம்பளம் கட். அவனைத் தனியா அனுப்ப முடியாது. ரெண்டு பேருக்கும் பஸ், டீ, சாப்பாடு. போனா டாக்டர் லீவுன்னா இன்னொரு நாள். மாத்திரை போட்டா தூங்கித் தூங்கி விழறான்னு அவனை வேலையை விட்டும் நிறுத்திட்டாங்க. நான் படுத்துட்டேன்னா அவனுக்கு யாரு?”

இதைக் கேட்டதும் என் கிளாஸ்மேட்டோட கசின் ஞாபகம் வந்தது. அவருக்கும் அதே நோய்தான். சென்னையில பிரைவேட் டாக்டர், வீடியோ கால்ல கவுன்சலிங், ஒரு மாத்திரை ஒத்துக்கலைன்னா உடனே வேற. ஆறு மாசம் லீவு கொடுத்து, திரும்ப வேலையில சேர்த்துக்கிட்ட கம்பெனி. இன்னிக்கு அவர் டீம் லீடர். நோய் ஒண்ணுதான் பாஸ். அவருக்கு விழுந்தா தாங்க நாலு வலை இருந்தது. அக்காவோட தம்பிக்கு அக்கா மட்டும்தான் இருக்காங்க. பஸ் ஸ்டாண்ட் டர்னருக்கு அந்த ஒரு ஆளும் என்னிக்கோ இல்லாம போயிருக்கணும்.

இது அக்காவோட புலம்பல் மட்டும் இல்லை. 2015-16ல பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள்ல தேசிய மனநல ஆய்வு நடத்துச்சு. தீவிர மனநோய் இருக்கிறவங்கள்ல பத்துக்கு ஏழு பேருக்கு மேல சிகிச்சையே போய்ச் சேரலைனு சொன்னது அந்த ஆய்வு. சிகிச்சைக்கும் அதுக்காகப் போய் வர்றதுக்கும் ஒரு குடும்பம் மாசம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை கைக்காசைச் செலவழிக்குதுனும் சொன்னது. தினக்கூலி வீட்டுல அந்தக் காசுக்கு நேரா அரிசியும் கேஸ் சிலிண்டரும் நிக்கும். ஒரு மாசம் மாத்திரை விட்டுப்போகும். அடுத்த மாசமும் விட்டுப்போகும். மறுபடி குரல் கேட்க ஆரம்பிக்கும். ஒருநாள் கதவைத் திறந்து வெளியே போனவர் திரும்ப மாட்டார். அப்புறம் ஏதோ ஒரு ரயில், ஏதோ ஒரு ஸ்டேஷன்...

எங்க பக்கம் அந்த ஸ்டேஷன் காட்பாடி. வேலூர் சி.எம்.சி-க்காக மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம்னு வடக்கே இருந்து தினமும் ரயில் ரயிலா ஜனங்க வந்து இறங்குற இடம். அப்படி வர்ற ரயில்கள்ல ஏறி, எங்கே இறங்கினோம்னே தெரியாம நிக்கிறவருக்கு நோயோட சேர்த்து பாஷையும் எதிரி. அவர் தன் ஊர் பேரைச் சரியா சொன்னாலும் நமக்கு அது ‘உளறல்’தான்.

பாகாயம் சொன்ன பாடம்

சென்னைப் பசங்க ஒருத்தனைக் கலாய்க்கணும்னா ‘கீழ்ப்பாக்கம் கேஸு’ம்பாங்க. எங்க செட்டுல அது ‘பாகாயம்’. வேலூர் சி.எம்.சி-யோட மனநல மையம் அங்கேதான் இருக்கு. நாங்க கிண்டலுக்கு எடுத்துக்கிட்ட அந்த ஊருக்குப் பின்னாடி ஒரு பெரிய சரித்திரமே இருக்குதுங்க!

வெள்ளைக்காரன் காலத்துல இருந்து மனநோய்க்கு மருந்தே பெரிய மதில் சுவர்தான். சென்னை மனநலக் காப்பகத்தோட கதை 1794-லயே ஆரம்பிக்குது. இன்னிக்குக் கீழ்ப்பாக்கத்துல இருக்கிற அரசு மனநல மருத்துவமனையோட மூதாதை அது. உள்ளே விட்டுட்டு வந்தா, பல குடும்பங்கள் திரும்பிப் பார்க்கவே மாட்டாங்க. 1957-ல ஆரம்பிச்ச பாகாயம் மையம் இதைத் தலைகீழா திருப்பிப் போட்டது. நோயாளி தனியா தங்கக் கூடாது, வீட்டுல இருந்து ஒருத்தர் கூடவே தங்கணும். சமைச்சுக் கொடுத்து, மாத்திரை எப்படி, கோபம் வந்தா என்ன பண்றதுனு கத்துக்கிட்டு ரெண்டு பேருமா வீட்டுக்குப் போகணும். அமிர்தசரஸ்ல டாக்டர் வித்யா சாகர் 1950-கள்ல கூடாரம் அடிச்சு குடும்பங்களைத் தங்க வெச்சதும் இதே யோசனைதான். நோயாளியைக் கைவிடாம இருக்க இதைவிட நல்ல வழி இல்லைனு உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனா, இந்த நல்ல வழியோட வாசல்லயும் அதே கேள்விதான் நிக்குது. ‘கூட யாரு வந்திருக்காங்க?’

நம்ம நாட்டு மனநல சிகிச்சை மொத்தமும் குடும்பத்தோட தோள் மேலதான் உட்கார்ந்திருக்கு. தோள் இருக்கிறவங்களுக்குச் சரி. இல்லாதவங்களுக்கு?

28 பேர்

அதுக்கான பதிலை ஒருநாள் நாடே பார்த்துச்சு. 2001 ஆகஸ்ட் 6. நாம பிறக்கிறதுக்கு முன்னாடி. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைக் காசு வாங்கிக்கிட்டுப் பார்த்துக்கிற தனியார் விடுதிகள் அங்கே நிறைய இருந்தது. அதுல ஒரு கொட்டகையில அதிகாலையில தீ. உள்ளே இருந்தவங்க சங்கிலியில கட்டிப் போடப்பட்டு இருந்தாங்க. ஓட முடியலை. 28 பேர் செத்துப்போனாங்க.

குடும்பங்களை மட்டும் திட்டிட்டுப் போயிட முடியாதுங்க. பக்கத்துல அரசு சிகிச்சை இருந்திருந்தா, அவ்வளவு தூரம் கொண்டு போய் விட்டிருப்பாங்களா? சுப்ரீம் கோர்ட் தானா முன்வந்து வழக்கை எடுத்தது. விடுதிகள் மூடப்பட்டன. 1997-ல திருச்சியில ஆரம்பிச்ச மாவட்ட மனநலத் திட்டம் கொஞ்சம் கொஞ்சமா மத்த மாவட்டங்களுக்கும் வந்தது. அந்த அக்காவோட தம்பிக்கு இன்னிக்கு இலவச மாத்திரை கிடைக்குதுன்னா, அதுக்குப் பின்னாடி இந்தச் சங்கிலிச் சத்தமும் இருக்கு.

ரெண்டு நூறு!

இப்போ எனக்கு ரொம்ப லேட்டா தெரிஞ்ச விஷயத்துக்கு வர்றேன். மனநல பராமரிப்புச் சட்டம், 2017. அமலுக்கு வந்தது 2018 மே மாசம். அதுல 100-வது பிரிவை மனப்பாடம் பண்ணிக்கோங்க. ஈஸிதான். போலீஸ் நம்பரும் 100, பிரிவும் 100!

மனநோயோட, தன்னைத்தானே பார்த்துக்க முடியாம ஒருத்தர் தெருவுல திரிஞ்சா, அவரைப் பாதுகாப்புல எடுத்துக்க வேண்டியது அந்தப் பகுதி காவல் நிலைய அதிகாரியோட கடமை. 24 மணி நேரத்துக்குள்ள பக்கத்துல இருக்கிற அரசு மருத்துவமனையில காட்டணும். லாக்கப்புலயோ, ஜெயில்லயோ வைக்கவே கூடாது. வீடில்லாதவரா இருந்தா, ‘காணாமல் போனவர்’னு எஃப்.ஐ.ஆர். போட்டு குடும்பத்தைத் தேடணும்.

இன்னும் கேளுங்க. வறுமைக்கோட்டு அட்டை இல்லைன்னாலும், வீடே இல்லைன்னாலும் சிகிச்சை இலவசம் (18-வது பிரிவு). சங்கிலி போடுறது எந்த ரூபத்துலயும் கூடாது (95-வது பிரிவு). என் பேனா நின்னுச்சே, அந்தக் கட்டத்துக்கும் பதில் இருக்கு. ‘கூட’ யாருமே இல்லாதவருக்கு, மனநல வாரியம் சமூக நலத்துறை இயக்குநரையோ அவர் சார்பா ஒருத்தரையோ பிரதிநிதியா நியமிக்கணும். அதுவரைக்கும் பதிவு பெற்ற ஒரு தொண்டு அமைப்போட ஆள் தற்காலிகமா அந்த இடத்துல நிக்கலாம் (14-வது பிரிவு). அதாவது, சொந்தக்காரங்க இல்லைங்கிறது ஒருத்தரைத் திருப்பி அனுப்பக் காரணமே இல்லை!

அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில இருந்த யாருக்கும் இது தெரிஞ்ச மாதிரி இல்லை. எனக்கும் தெரியாது. சட்டம் புத்தகத்துல தூங்குச்சு, அவர் பெட்ல தூங்கினார், நான் வீட்டுல தூங்கினேன்.

2018-ல் இருந்து தமிழ்நாடு அரசு தொண்டு அமைப்புகளோட சேர்ந்து, வீடில்லாத மனநோயாளிகளுக்குன்னே ‘அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள்’ ஆரம்பிச்சது. முதல் கட்டத்துல வந்த மாவட்டங்கள்ல அப்போதைய வேலூரும் ஒண்ணு. ஆற்காடும் அப்போ அதுலதான் இருந்தது. எங்களுக்கு ராணிப்பேட்டை மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர்ல. வழி இருக்குங்க. அந்த வழிக்கும் பஸ் ஸ்டாண்ட் தூணுக்கும் நடுவுல கூட்டிட்டுப் போக ஆள்தான் இல்லை.

நம்ம வயசுல ரெண்டு பேர்

‘இருபது வயசுல நாம என்ன பண்ண முடியும்?’னு கேட்கிறீங்களா? வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார்னு ரெண்டு பேர். சென்னையில படிப்பு முடிஞ்ச கையோட, இருபதுகளோட ஆரம்பத்துல இருந்தவங்க. ரோட்டுல கந்தல் துணியோட தவிச்சுக்கிட்டு இருந்த ஒரு பெண்ணைப் பார்த்தாங்க. பல இடத்துல கேட்டும் அவங்களைச் சேர்த்துக்க ஆள் இல்லை. சரி, நாமே பார்த்துக்குவோம்னு 1993-ல ஆரம்பிச்சதுதான் ‘தி பேன்யன்’. சிகிச்சை கொடுத்து, ஊரைக் கண்டுபிடிச்சு, பல மாநிலங்களுக்கு ஆட்களைத் திரும்பக் கூட்டிட்டுப் போய் விட்டாங்க. திரும்பிப் போக வீடே இல்லாதவங்களுக்காக, சாதாரணத் தெருவுல வாடகை வீடு எடுத்து நாலஞ்சு பேர் சேர்ந்து வாழுற ஏற்பாட்டை 2015-ல ஆரம்பிச்சாங்க. மகாராஷ்டிராவுல இதே வேலையைப் பண்ற மனநல மருத்துவர் பரத் வாட்வானிக்கு 2018-ல மகசேசே விருது கிடைச்சது.

நாம எல்லாரும் அமைப்பு ஆரம்பிக்க வேணாம். ஆனா, குளிப்பாட்டி, முடி வெட்டி, ‘முன்னாடி - பின்னாடி’னு பாட்டுப் போட்டு வீடியோ விடுறதோட நிறுத்திக்கவும் வேணாம். ஷாம்பு போட்டா குரல் நிக்காதுங்க. மாத்திரை வேணும். அதை மாசாமாசம் தவறாம கொடுக்க ஆள் வேணும். 2021-ல ஆரம்பிச்ச ‘மக்களைத் தேடி மருத்துவம்’ எங்க பாட்டிக்கு சுகர் மாத்திரையை வாசல்லயே கொடுக்குது. மனநோய் மாத்திரையும் அதே மாதிரி ஒரு வீடு விடாம வந்தா, அந்த அக்காவுக்கு மாசத்துல ஒரு நாள் சம்பளம் மிஞ்சும். தெருவுக்கு ஓர் ஆள் குறையும்.

அடுத்த தடவை பார்த்தா...

* முதல்ல பேர் கேளுங்க. சொல்லலைன்னா விட்டுடுங்க. போட்டோ வேணாம்.

* ‘அடிச்சுடுவாரோ?’னு பயமா இருக்கா? தெருவுல இருக்கிற மனநோயாளிகள் அடிக்கிறதைவிட அடி வாங்குறதுதான் அதிகம். பெண்ணா இருந்தா ஆபத்து இன்னும் பல மடங்கு. தள்ளி நின்னு, மெதுவா பேசுங்க. கையைப் பிடிச்சு இழுக்காதீங்க.

* காயம், காய்ச்சல், மயக்கம்னா 108.

* 100 அல்லது 112-க்குப் போன் பண்ணி, மனநல பராமரிப்புச் சட்டம் 100-வது பிரிவுன்னு சொல்லுங்க. இடம், நேரம், நீங்க கேட்ட பேர், ஊர் எல்லாத்தையும் எழுதியும் கொடுங்க.

* உங்களுக்கோ, ஃப்ரெண்டுக்கோ மனசு சரியில்லைன்னா 14416, டெலி மானஸ். தமிழ்லயே பேசலாம், இலவசம். 104-லயும் ஆலோசனை கிடைக்கும்.

* மறுநாள் போய்ப் பாருங்க. நான் விட்ட இடம் இதுதான்.

பொங்கல் லீவு முடிஞ்சு வந்தப்போ அந்தத் தூண் ஓரம் காலியா இருந்தது. “நாலு நாளா காணோம் தம்பி”ன்னார் பாய். 100-வது பிரிவை நான் படிச்சது அதுக்கு அப்புறம். போன வாரம் ஒரு காவல் நிலையத்துக்குப் போய், அவர் பேர், அப்பா பேர், கிராமம் மூணையும் எழுதிக் கொடுத்தேன். ஏட்டு ரெண்டு தடவை படிச்சுட்டு, “உனக்கு என்னப்பா வேணும் இவரு?”ன்னு கேட்டார்.

“எங்க ஊர் பஸ் ஸ்டாண்ட்ல இருந்தவர் சார்”னேன். வாங்கி வெச்சிருக்காங்க. இதை எழுதற வரைக்கும் தகவல் இல்லை.

அந்த அரைவட்டம் இப்போ இல்லை. ஜனங்க நேரா நடந்து போறாங்க. உங்க ஊர்ல அது இன்னும் இருந்தா, நாளைக்குக் காலேஜ் போறப்போ கொஞ்சம் உள்ளே போய், அவர் பேரைக் கேட்டுட்டு வாங்க.